புயலும் குளமும்

மாரியை வாழ்த்துதல் தமிழர்தம் பழைய மரபு. கடவுள் வாழ்த்தை அடுத்து மழையின் சிறப்பைக் கூறும் அதிகாரத்தைத் திருவள்ளுவர் அமைத்திருப்பது அம்மரபுக்குச் சான்றாகும். ஆயினும், அம்மழையைக் கொணரும் காற்றை வாழ்த்துவார் அரியர். காற்று வரம்பு கடந்து வீசும்போது மக்கள் அதனைப் பகையென்றே கருதுகின்றனர். மழை வேண்டும், புயல் வேண்டா என்பதே எல்லாருடைய விருப்பமும் ஆகும். ஆனால், தமிழகத்தின் கீழைக் கடற்கரையில் மழையும் புயலும் ஒரு வயிற்றுப் பிறந்த பிள்ளைகள். ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்கும் உரிமை மக்களுக்கு இல்லை. வருவதன் கேட்டைக் குறைத்து, அதனால் விளையும் நன்மையைச் சேர்த்து வைக்கும் அறிவு ஒன்றே அவர்கள் கையில் உள்ளது. இவ்வுண்மையை நன்கு விளக்கும் நிலப்பகுதிகளுள் புதுக்கோட்டை மாவட்டம் ஒன்று.

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948-ஆம் ஆண்டு இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. பின்னர், 1974-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகள் சேர்ந்து புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. இம்மாவட்டத்தின் மேற்கே குன்றுகளும் பாறைகளும் நிறைந்த மேட்டு நிலம். நடுவே செம்மண்ணும் செம்புறைக்கல்லும் பரந்த வெளி. கிழக்கே பாக் நீரிணையை ஒட்டிய கடற்கரை. கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் முதலிய ஊர்கள் அக்கரையில் அமைந்துள்ளன. வெள்ளாறு, அம்புலியாறு, அக்கினியாறு, பாம்பாறு என ஆறுகளின் பெயர்கள் பல உண்டு. ஆனால், அவற்றுள் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு ஒன்றுமில்லை. மழை பெய்தால் அவை ஆறுகள், பெய்யாவிடின் மணற்பரப்புகள். அறந்தாங்கிப் பக்கத்துச் சில ஊர்களுக்குக் கல்லணைக் கால்வாயின் வழியே காவிரி நீர் கடைமடையாகச் சென்று சேர்கின்றது. எஞ்சிய ஊர்களெல்லாம் வானத்தை நோக்கியே வாழ்பவை.

அவ்வானமோ எல்லாத் திங்களிலும் வழங்குவதன்று. ஆனி, ஆடி மாதங்களில் இந்தியாவின் பெரும்பகுதியை நனைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையின்மீது மோதி, தன் நீரின் பெரும்பங்கைக் கேரளத்திலும் மலைச்சரிவுகளிலும் பொழிந்துவிடுகின்றது. மலைக்குக் கிழக்கே உள்ள நிலம் மழை மறைவுப் பகுதியாகி விடுகின்றது. ஆகவே, ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்களில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே இப்பகுதிக்கு உயிர்நிலை. தமிழகம் ஆண்டில் பெறும் மழையில் ஏறக்குறைய பாதி இம்மூன்று மாதங்களுக்குள் பெய்வது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பருவக்காற்று தானாகவே நாள்தோறும் சீராக மழையைத் தருவதில்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு தோன்றிக் கரையை நோக்கி நகரும்போதே நன்மழை பொழிகின்றது. அத்தகைய தாழ்வுகள் பல தோன்றும் ஆண்டு செழிப்பான ஆண்டு. அவை தோன்றாத ஆண்டு, அல்லது தோன்றியும் வடக்கே ஆந்திரத்துக்கோ வங்காளத்துக்கோ திரும்பிவிடும் ஆண்டு, வறண்ட ஆண்டு.

இக்காற்றழுத்தத் தாழ்வுதான் புயலுக்கும் வித்து. கடல்நீரின் மேற்பரப்பு ஏறத்தாழ 26 அல்லது 27 பாகை செல்சியசுக்கு மேல் வெம்மையுறும்போது, நீராவி நிறைந்த காற்று மேலெழுகின்றது. மேலெழுந்த நீராவி குளிர்ந்து முகிலாகும்போது, அதனுள் அடங்கியிருந்த வெப்பம் வெளிப்பட்டுக் காற்றை மேலும் மேலும் உயரத் தள்ளுகின்றது. வெற்றிடத்தை நிரப்பச் சூழவுள்ள காற்று விரைந்து பாய்கின்றது. நிலவுலகம் தன்னைத்தானே சுற்றுவதால், பாயும் காற்று நேரே செல்லாமல் வளைந்து சுழல்கின்றது. வடவுலகில் அச்சுழற்சி கடிகார முள்ளுக்கு எதிரான திசையில் அமையும். இந்திய வானிலை ஆய்வுத் துறையார் இச்சுழற்சியைக் காற்றின் விரைவு கொண்டு வகுத்துள்ளனர். மணிக்கு 31 கிலோமீட்டர் முதல் விரைவு உடையது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 கிலோமீட்டரை எட்டியது புயல். 89 கிலோமீட்டரை எட்டியது கடும்புயல். அதனினும் மிக்கவை மிகக் கடும்புயல் முதலிய பெயர்களைப் பெறும்.

இதே காற்று அட்லாண்டிக் கடலில் எழுந்தால் ஹரிக்கேன் என்றும், சீனக் கடற்பக்கம் எழுந்தால் டைபூன் என்றும், வங்கக் கடலில் எழுந்தால் சைக்ளோன் என்றும் வழங்கும். பாம்பு சுருண்டு கிடப்பதை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து சைக்ளோன் என்னும் பெயரை ஆக்கியவர், கல்கத்தாவில் பணிபுரிந்த ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர். வங்கக் கடலின் புயல்களைப் பல்லாண்டு ஆராய்ந்த அவர், மாலுமிகளுக்கென்று 1848-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இப்பெயரை வழங்கினார். பெயர் வேறுபடினும் பொருள் ஒன்றே. கடலின் வெப்பத்தை உண்டு, கடலின் நீரைச் சுமந்து, கரையேறியதும் தளர்ந்து, சுமந்ததைக் கொட்டிவிட்டு மாய்வது புயல். அதன் தொடக்க நிலை உழவனுக்கு நண்பன். முதிர்ந்த நிலை எல்லார்க்கும் பகைவன். நண்பன் எங்கே முடிகின்றான், பகைவன் எங்கே தொடங்குகின்றான் என்று கடலில் கோடு கிழித்துக் காட்ட இயலாது.

புதுக்கோட்டைப் பகுதியும் அதனை அடுத்த காவிரிக் கழிமுகமும் இப்பகைவனைப் பலமுறை கண்டுள்ளன. 1952-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயலை முதியோர் நெடுங்காலம் பேசி வந்தனர். மூன்றாண்டுகளுக்குப் பின், 1955-ஆம் ஆண்டு, தஞ்சைக் கடற்கரையின் தென்பகுதியை மற்றொரு புயல் தாக்கிற்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு எழுந்த புயல் தனுஷ்கோடி என்னும் ஊரையே அழித்தது. அவ்வூரை நெருங்கிக்கொண்டிருந்த புகைவண்டி பயணிகளோடு கடலலைக்கு இரையாயிற்று. 1977-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் நாகப்பட்டினத்தருகே கரை கடந்த புயலில் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்கள் பெருஞ்சேதமுற்றன. ஆகவே, 2018-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது வரலாறு காணாத புதுமையன்று. மறந்துபோன பழமை மீண்டும் வந்து கதவைத் தட்டியதேயாகும்.

அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் வங்கக் கடலில் தோன்றிய புயலுக்குக் கஜா என்று பெயர். யானை எனப் பொருள்படும் அப்பெயரை வழங்கியது இலங்கை நாடு. நவம்பர் 16-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே அது கரையேறிற்று. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவோடு வீசிய அக்காற்று, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களைச் சூறையாடிய பின் புதுக்கோட்டை மாவட்டத்துள் புகுந்தது. கரையேறிய புயல் விரைவில் தளர்வது வழக்கம். அவ்வழக்கத்தை நம்பியிருந்த உள்நாட்டு ஊர்கள் அன்று ஏமாந்தன. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, ஆலங்குடி முதலிய ஊர்களில் பொழுது விடிந்தபோது சாய்ந்த மரங்களே எங்கும் காணப்பட்டன. சாலைகள் அடைபட்டன. கூரைகள் பறந்தன. கடற்கரையில் படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. புயல் தாக்கிய மாவட்டங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. அண்டை மாநிலமாகிய கேரளத்திலிருந்தும் மின்பணியாளர் வந்து உழைத்தும், பல சிற்றூர்கள் பல வாரம் இருளில் கிடந்தன. தமிழகத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர்.

உயிரிழப்புக்கு அடுத்தபடியாக அம்மக்களை வாட்டியது தென்னையின் இழப்பாகும். தென்னையின் இளங்கன்றைத் தென்னம்பிள்ளை என்று அழைப்பது தமிழர் வழக்கு. வேறு மரத்தின் கன்றுக்கு அப்பெயர் பெரிதும் வழங்குவதில்லை. பிள்ளையைப் போல நீரூற்றி வளர்த்தால், முதுமையில் பிள்ளையைப் போலச் சோறிடும் என்னும் நம்பிக்கை அப்பெயரில் அடங்கியுள்ளது. அவ்வாறு வளர்த்த இலட்சக்கணக்கான தென்னைகள் புயல் தாக்கிய மாவட்டங்களில் ஓரிரவில் மடிந்தன. வேரோடு சாய்ந்தவை பல. தலை திருகி முறிந்தவை பல. நெல் அழிந்தால் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கலாம். தென்னை அழிந்தால் புதிய கன்று காய்க்க ஐந்து முதல் ஏழாண்டு காத்திருத்தல் வேண்டும். அந்த ஏழாண்டுக்குள் கடனும் வளரும்; மகளுக்குத் திருமண வயதும் வரும்; மகன் வேலை தேடி வெளியூர் செல்லவும் நேரும். ஆதலால், மரம் வீழ்ந்த ஓசை பல குடும்பங்களில் பல்லாண்டுக்குப் பின்னும் அடங்கவில்லை.

இத்துயரத்தைக் கண்டோர் பலர், புயலைப் பழித்தும் விதியை நொந்தும் அமைதியுற்றனர். ஆனால், அதன் முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றைச் சேர்த்து நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலப்படும். கஜாவுக்கு இரண்டாண்டு முன்னர், 2016-ஆம் ஆண்டு, வடகிழக்குப் பருவமழை இயல்பில் பாதியளவுகூடப் பெய்யவில்லை. 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழக மாவட்டங்கள் அனைத்தும் வறட்சி வாய்ப்பட்டவை என அரசு அறிவித்தது. அதன்பின் கஜா வந்தது, மரங்களை வீழ்த்தியது, போயிற்று. அவ்வாண்டு மழையாவது நிறைந்ததோ என்றால், அதுவும் இல்லை. 2018-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பினும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவாகவே பெய்தது. அடுத்த கோடையில் மாநிலமெங்கும் குடிநீர்ப் பஞ்சம் தோன்றியது. தலைநகரமாகிய சென்னைக்குச் சோலார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் கொண்டு செல்ல நேர்ந்தது. பெரும்புயலும் பெரும்பஞ்சமும் ஓராண்டு எல்லைக்குள் அடுத்தடுத்து வருதல் கூடும் என்பதே இந்நிகழ்ச்சிகள் கற்பித்த பாடம். புயல் வந்தால் குளம் நிறையும் என்று நம்புவதும் பிழை. புயல் வாராவிடின் துன்பம் இல்லை என்று கருதுவதும் பிழை.

நிலையற்ற இவ்வானத்தின் இயல்பை முன்னோர் நன்கறிந்திருந்தனர். அவர்கள் வானை மாற்ற முயலவில்லை, நிலத்தைத் திருத்தினர். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் கண்மாய்களும் உள்ளன. அவற்றுட் பல பன்னூறு ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பெற்றவை. நகரையடுத்த கவிநாட்டுக் கண்மாயைக் காண்போர் கடலோ என ஐயுறுவர். இக்குளங்கள் தனித்தனியே கிடப்பன அல்ல. மேட்டிலுள்ள குளம் நிறைந்ததும் அதன் கலிங்கு வழியே வழியும் நீர், வரத்துக்கால் வழியே அடுத்த குளத்தைச் சேரும். அது நிறைந்ததும் அதற்கடுத்த குளத்தைச் சேரும். இறுதியில் எஞ்சியதே கடலைச் சேரும். ஒரு நாளில் கொட்டிய மழையை ஓராண்டுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் கணக்கு இவ்வமைப்பில் உள்ளது. குளத்தின் உள்ளே நிறுத்திய குமிழித் தூம்புகளில், அவற்றை அமைத்தோர் பெயரைப் பொறித்த கல்வெட்டுகள் இம்மாவட்டத்தில் பல காணப்படுகின்றன. கோயிலுக்குப் பொன் கொடுத்தவர் பெயரைப் போலவே, குளத்துக்குத் தூம்பு அமைத்தவர் பெயரும் கல்லில் நிற்பது கருதத்தக்கது.

அக்குளங்களின் இன்றைய நிலை யாது? பல குளங்களில் வண்டல் மேடிட்டுள்ளது. சீமைக் கருவேல மரம் நீர்பிடி நிலத்தை மூடியுள்ளது. வரத்துக்கால்கள் வயலாகவும் மனையாகவும் மாறியுள்ளன. மேட்டு நிலங்களில் பரந்துள்ள தைலமரத் தோட்டங்களில் எடுத்த வரப்புகள் மழைநீரைக் குளத்துக்குச் செல்லாதபடி தடுக்கின்றன என்று உழவர் பல்லாண்டாக முறையிட்டு வருகின்றனர். குளம் தூர்ந்த ஊரில் மக்கள் நிலத்தைத் துளையிட்டனர். முன்னர்க் கிணற்றில் கையெட்டும் ஆழத்தில் இருந்த நீர், பின்னர்ப் பன்னூறு அடி ஆழத்துக்கு இறங்கிற்று. ஆழ்குழாய்க் கிணறு கொடுத்த நீரை நம்பி, பல பயிர் விளைந்த தோட்டங்கள் பலவற்றில் தென்னை ஒன்றே நிறைந்தது. ஒரு பயிரை மட்டும் நம்பிய தோட்டம், ஒரு தூணை மட்டும் நம்பிய வீட்டை ஒக்கும். அத்தூண் சாயும் நாளில் வீடும் சாயும். காற்று வீழ்த்தியது மரங்களை. ஆனால் குடும்பங்களை வீழ்த்தியதில் இத்தனிப் பயிர் முறைக்கும் பங்கு உண்டு.

இதனை மறுப்போர் சில காரணங்களைக் கூறுவர். காவிரி நீரைத் தெற்கே கொணர்ந்து வைகையோடும் குண்டாற்றோடும் இணைக்கும் கால்வாய்த் திட்டத்துக்கு 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அடிக்கல் நாட்டப்பெற்றது. அது நிறைவேறின் குறையெல்லாம் தீரும் என்பர் ஒரு சாரார். கால்வாய் வருதல் நன்றே. ஆனால், வெள்ளக் காலத்தில் மிகும் நீரையே அக்கால்வாய் கொண்டுவரும். வந்த நீரைத் தேக்கி வைக்க இடம் வேண்டுமன்றோ? அவ்விடம் இக்குளங்களேயாகும். ஓட்டைப் பானையில் ஆற்றைத் திருப்பிவிட்டாலும் நீர் தங்காது. எனவே, கால்வாயை வேண்டுவோர் முதலில் குளத்தைக் காத்தல் கடன்.

குளம் வெட்டினால் காற்று நிற்குமோ என்று வினவுவர் மற்றொரு சாரார். வினா நேர்மையானதே. குளத்தின் கரை புயலைத் தடுக்காது. ஆனால், குளம் நிறைந்த ஊரில் உழவன் பல பயிர் செய்ய வழியுண்டு. பல பயிர் செய்தவன் ஒரு காற்றில் எல்லாம் இழப்பதில்லை. மேலும், காற்றின் வேகத்தை ஓரளவு தணிக்கும் வழிகளும் இல்லாமல் இல்லை. தோட்டத்தின் காற்றுமுகத்தில் பல்வகை மரங்களை வரிசையாக நடுதல் ஒன்று. கடலோரத்தில் அலையாத்திக் காடுகளைக் காத்து வளர்த்தல் மற்றொன்று. மீமிசலுக்கு அண்மையில் உள்ள முத்துக்குடாவில் அத்தகைய காடு உண்டு. அதன் வேர்கள் சேற்றைப் பற்றி நின்று அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. கஜா வீசிய பின்னர்ப் பல ஊர்களில் தென்னைகள் சாய்ந்து கிடந்த நிலத்தருகே பனைமரங்கள் நிமிர்ந்து நின்றதை மக்கள் கண்டனர். தென்னை நட்டவன் தானே உண்பான். பனை நட்டவன் பேரனே உண்பான் என்பது நாட்டார் எண்ணம். விரைந்து பயன் தருவதை விரும்பிப் பனையைக் கைவிட்டது எத்துணைப் பிழை என்பதை அக்காட்சி உணர்த்திற்று. தென்னையை வெறுத்தல் வேண்டுவதில்லை. தென்னையோடு பலாவும், மாவும், பனையும், புளியும், புன்னையும் கலந்து நிற்றல் வேண்டும் என்பதே கருத்து.

இனி, காற்றின் வருகையை முன்னரே அறிவித்தலால் உண்டாகும் பயனும் சிறிதன்று. 1964-ஆம் ஆண்டுப் புயலைக் கண்டறிய இந்நாட்டுக்கு உரிய துணைக்கோள் ஏதும் இல்லை. 2018-ஆம் ஆண்டிலோ, கஜாவின் ஒவ்வோர் அசைவும் விண்ணிலிருந்து கண்காணிக்கப்பெற்றது. அது கரையேறுமுன் ஏறத்தாழ எண்பதாயிரம் மக்கள் முகாம்களில் சேர்க்கப்பெற்றனர். மீனவர் கடலுக்குச் செல்லாமல் தடுக்கப்பெற்றனர். பொருளிழப்பு அளவிறந்ததாயினும் உயிரிழப்பு கட்டுக்குள் நின்றமைக்கு அதுவே காரணம். அயல்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1970-ஆம் ஆண்டு நவம்பரில் இன்று வங்காளதேசம் எனப்படும் நாட்டைத் தாக்கிய புயலில் மூன்று இலட்சம் மக்களுக்கு மேல் மாண்டனர். அதன்பின் அந்நாட்டார் உயர்ந்த புகலிடங்களைக் கட்டினர். ஊர்தோறும் எச்சரிக்கை கூறும் தொண்டரை அமைத்தனர். 2007-ஆம் ஆண்டு சிடர் என்னும் பெரும்புயல் அதே நாட்டைத் தாக்கியபோது இறந்தோர் தொகை சில ஆயிரங்களில் நின்றது. செல்வம் மிக்க நாடு அன்று அது. எனினும் முன்னறிவும் ஒற்றுமையும் இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தன.

ஆயினும், பழைய பட்டறிவு மட்டும் இனிப் போதாது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் உலகின் வெப்பம் உயர்ந்து வருகின்றது; அவ்வெப்பத்தின் பெரும்பகுதியைக் கடலே உட்கொள்கின்றது. வெம்மை மிக்க கடல் புயலுக்கு மிகுந்த உணவை அளிக்கும். புயல்களின் எண்ணிக்கை கூடாவிடினும், அவற்றுள் கடுமை மிக்கவற்றின் பங்கு கூடும் என்றும், அவை பொழியும் மழையும் மிகும் என்றும் அறிவியலார் கூறுகின்றனர். 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் எழுந்த ஒக்கி, மிகக் குறுகிய காலத்தில் புயலாக வலுத்து, கடலில் இருந்த மீனவர் பலரைக் கொண்டு சென்றது. எச்சரிக்கைக்கும் வருகைக்கும் இடையே உள்ள பொழுது இவ்வாறு சுருங்கும்போது, அன்றன்று ஓடுவது பயன் தாராது. என்றும் ஆயத்தமாக இருத்தலே பயன் தரும்.

இப்பாடத்தை ஏட்டில் கல்லாது துன்பத்தில் கற்றவர்கள் அப்பகுதி மக்களே. கஜா வீசிய அடுத்த ஆண்டு, 2019-இல், தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணியில் இளைஞரும் உழவரும் ஒன்றுகூடித் தம் ஊர்ப் பெரிய குளத்தைத் தூர் வாரத் தொடங்கினர். புதுக்கோட்டை மாவட்டத்துக் கொத்தமங்கலம் முதலிய ஊர்களிலும் இளைஞர் தம் குளங்களைச் சீர்செய்ய முன்வந்தனர். வெளிநாட்டில் உழைத்த ஊர்மக்கள் பொருள் அனுப்பினர். முதியோர் தம் சேமிப்பைத் தந்தனர். கரைகளில் பனை விதைகளும் மரக்கன்றுகளும் ஊன்றப்பெற்றன. தென்னை இழந்து நின்றவர்களே குளத்துக்குக் கொடுத்தனர் என்பதுதான் இதில் வியக்கத்தக்கது. பழங்காலத்தில் குடிமராமத்து என வழங்கிய ஊர்ப்பணி, அவர்கள் கையில் மீண்டும் உயிர்பெற்றது. அரசும் 2017-ஆம் ஆண்டு முதல் அப்பெயரிலேயே குளங்களைச் சீர்செய்யும் திட்டம் ஒன்றை நடத்திற்று. எனினும், ஒருமுறை தூர் வாரிய குளம் ஆண்டுதோறும் பேணாவிடின் மீண்டும் தூரும். திட்டங்களுக்கு முடிவுநாள் உண்டு. குளத்தைப் பேணும் கடமைக்கு முடிவுநாள் இல்லை.

மாணவர் செய்யத்தக்க பணிகளும் இதில் உள்ளன. தம் ஊரில் எத்தனை குளங்கள் உள்ளன, அவற்றின் பெயர்கள் யாவை, நீர் எவ்வழியே வருகின்றது, எவ்வழியே செல்கின்றது என்பவற்றை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருத்தல் வேண்டும். பெயர் அறியாத குளத்தை ஒருவன் ஆக்கிரமித்தால் கேட்பார் இரார். பள்ளியில் ஒரு மழைமானியை வைத்து நாள்தோறும் பெய்த மழையை எழுதி வைத்தல் எளிய செயலே. பத்தாண்டுக் குறிப்பு சேர்ந்தால் அது அவ்வூருக்கு ஒரு செல்வமாகும். வானிலை அறிவிப்பைக் கேட்டுப் பொருளுணர்ந்து, எழுத்தறியாத அண்டை வீட்டார்க்கு எடுத்துரைத்தலும், பொய்ச்செய்தியைப் பரப்பாதிருத்தலும் அத்தகைய தொண்டுகளே.

புயல் இனியும் வரும். கார்த்திகை இருளில் கடல் குமுறும் ஓசையை இக்கரையில் பிறக்கவிருக்கும் மக்களும் கேட்பர். காற்றின் பாதையை மாற்றும் ஆற்றல் மாந்தர்க்கு இன்னும் கிட்டவில்லை. ஆனால், காற்றுச் சென்ற பின் ஊரில் எஞ்சுவது வீழ்ந்த மரங்கள் மட்டுமா, நிறைந்த குளமுமா என்பதை முடிவு செய்வது காற்றன்று. காற்று வருமுன் அவ்வூரார் கழித்த ஆண்டுகளே அதனை முடிவு செய்கின்றன.